பைக் எழுதும் லாக் பைலை நம்பலாமா?

உங்கள் வீட்டில் எத்தனை கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன? டெஸ்க்டாப் ஒன்று, லேப்டாப் ஒன்று, மொபைல் போன்களையும் சேர்த்தால் ஐந்தாறு என்று சொல்வீர்கள். வாசலில் நிற்கும் பைக்கை எண்ணியிருக்க மாட்டீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பிஎஸ்6 விதிமுறை அமலுக்கு வந்தது. அதற்குப் பிறகு தயாரான பைக், ஸ்கூட்டர் ஏறக்குறைய எல்லாவற்றிலும் கார்பரேட்டர் போய், ப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. எவ்வளவு பெட்ரோல் பீய்ச்ச வேண்டும் என்று ஒவ்வொரு சுற்றுக்கும் கணக்குப் போடுவது சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னப் பெட்டி. அதற்கு ஈசியூ என்று பெயர். அதுவும் கம்ப்யூட்டர்தான். ப்ராசசர் இருக்கிறது, மெமரி இருக்கிறது, அதற்குள் ஒரு ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருக்கிறது.

கம்பெனி தரும் ஈசியூவைத் திறந்து பார்க்க நமக்கு வழியில்லை. ஆனால் திறந்த மென்பொருளாகக் கிடைக்கும் ஈசியூக்களும் உண்டு. அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், ஆல் கிரிப்போ என்ற இருவர் 2001-ல் மெகாஸ்கர்ட் என்ற கிட்டை வெளியிட்டார்கள். வீட்டிலேயே சால்டர் வைத்துச் செய்துகொள்ளலாம். அதே வழியில் பின்னால் வந்தது ஆஸ்திரேலியாவில் தொடங்கிய ஸ்பீடுயினோ. கல்லூரி ப்ராஜெக்ட்டுக்கு நாம் வாங்கும் அதே ஆர்டுயினோ மெகா போர்டுதான் அதன் மூளை. சோர்ஸ் கோடு முழுவதும் இலவசம்.

என் நண்பனிடம் 2004-ல் வாங்கிய ஒரு கரிஸ்மா இருக்கிறது. 223 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்பரேட்டர் வண்டி. அவன் அப்பா ஓட்டியது. அவர் காலமான பிறகு விற்க மனமில்லாமல் மூலையில் நிறுத்தி வைத்திருந்தான். அதற்கு ஸ்பீடுயினோ வைத்து இன்ஜெக்ஷன் செய்வோம் என்று ஆரம்பித்தோம். த்ராட்டில் பாடி, இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் பொருத்திய கதை தனிக் கட்டுரைக்கு ஆகும். இங்கே நான் சொல்லப்போவது அதற்குப் பிறகு நடந்தது: வண்டியை ஓட்டி, அது எழுதிய பைலை வைத்து பெட்ரோல் அளவைத் திருத்தியது. அதில் அந்த எஞ்சினையே கெடுக்கப் பார்த்தோம். அதையும் சொல்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பதிவுப் புத்தகத்தில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றி அமைப்பதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. எனவே இப்படி மாற்றிய வண்டியைப் பொதுச் சாலைக்குக் கொண்டுவராதீர்கள். நாங்கள் ஓட்டியது ஒரகடம் பக்கம் தெரிந்தவர் ஒருவரின் விற்காத மனைப்பிரிவுக்குள். தார் ரோடு உண்டு, வீடு கிடையாது, வாசலில் கேட் உண்டு. வேகமாக ஓட்ட வேண்டியதற்கு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் பணம் கட்டி ஒரு நாள் ஓட்டினோம்.

எல்லாம் ஒரு டேபிள்தான்

ஈசியூவுக்குள் இருப்பதை எக்ஸெல் ஷீட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். குறுக்கே எஞ்சின் வேகம், அதாவது ஆர்பிஎம். நெடுக்கே ஆக்ஸிலரேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்ற சதவீதம். ஸ்பீடுயினோவில் இது 16க்கு 16, மொத்தம் 256 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண். அந்த வேகத்தில், அந்தத் திறப்பில் எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கும் என்பதன் அளவு அது. இதை விஇ டேபிள் என்பார்கள்.

எஞ்சின் ஓடும்போது ஈசியூ அந்தக் கட்டத்தின் எண்ணை எடுக்கிறது. எஞ்சின் சூடு, காற்றின் சூடு போன்றவற்றுக்கான திருத்தங்களால் அதைப் பெருக்குகிறது. கிடைக்கும் விடை மில்லி செகண்டில் இருக்கும். அவ்வளவு நேரம் இன்ஜெக்டர் திறக்கும். இன்ஜெக்டர் என்பது ஒரு மின்காந்த வால்வு. கரண்ட் கொடுத்தவுடன் திறந்துவிடாது, ஏறக்குறைய 1 மில்லி செகண்ட் சோம்பல் பிடிக்கும். பேட்டரி வோல்டேஜ் குறைந்தால் சோம்பல் கூடும். அந்த நேரத்தையும் ஈசியூ கூட்டிக்கொள்கிறது.

எஞ்சின் வேகம் சரியாகக் கட்டத்தின் மேலேயே நிற்காது. 2500-க்கும் 3000-க்கும் கட்டம் இருக்கிறது, வண்டி 2700-ல் ஓடுகிறது என்றால்? 2500-ல் 50, 3000-ல் 56 என்று வைத்தால், 2700-க்கு 52.4 என்று இடையில் உள்ளதைக் கணக்கிட்டுக்கொள்ளும். நெடுக்கிலும் இதேபோல. ஆக எந்த நொடியிலும் 4 கட்டங்கள் சேர்ந்துதான் பெட்ரோல் அளவை முடிவு செய்கின்றன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

ஆக்ஸிலரேட்டருக்குப் பதிலாக மேனிபோல்டில் உள்ள காற்றழுத்தத்தை வைத்தும் டேபிள் போடலாம். கார்களில் அது நன்றாக வேலை செய்யும். ஒற்றை சிலிண்டர் பைக்கில் அந்த அழுத்தம் ஒவ்வொரு சுற்றுக்கும் எகிறிக் குதிக்கும். எங்களுக்கு ஆக்ஸிலரேட்டர் முறையே சுலபமாக இருந்தது.

பதிவு செய்ய என்ன வேண்டும்?

ஸ்பீடுயினோவை லேப்டாப்போடு யூஎஸ்பி கேபிளில் இணைத்து, ட்யூனர்ஸ்டூடியோ என்ற சாப்ட்வேரை ஓடவிட வேண்டும். லேப்டாப்பைத் தோள் பையில் போட்டுக்கொண்டுதான் ஓட்டினோம். ஹார்ட் டிஸ்க் உள்ள பழைய லேப்டாப் வேண்டாம், குலுங்கும்போது டிஸ்க் போய்விடும். எஸ்எஸ்டி உள்ளதாக எடுத்துக்கொள்ளுங்கள். மூடியை மூடினால் ஸ்லீப் ஆகாமல் இருக்க விண்டோஸ் பவர் ஆப்ஷனில் மாற்றிவிடுங்கள். இதை மறந்து எங்கள் முதல் நாள் ஓட்டம் முழுவதும் பதிவாகவே இல்லை.

பதிவாகும் பைல் சாதாரண டெக்ஸ்ட் பைல். ஒவ்வொரு வரியிலும் நேரம், ஆர்பிஎம், ஆக்ஸிலரேட்டர் சதவீதம், எஞ்சின் சூடு, காற்றின் சூடு, பேட்டரி வோல்டேஜ், இன்ஜெக்டர் திறந்த நேரம், லாம்டா ஆகியவை டேப் இடைவெளியோடு இருக்கும். நொடிக்கு 20 வரி என்று வைத்தோம். அரை மணி நேரம் ஓட்டினால் 36,000 வரிகள்.

இதில் முக்கியமானது லாம்டா. சைலன்சருக்குப் போகும் புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் இருக்கிறது என்று ஒரு சென்சார் பார்க்கிறது. பெட்ரோலும் காற்றும் மிச்சமில்லாமல் எரிகிற சரியான கலவை என்றால் லாம்டா 1. அதற்கு மேலே போனால் காற்று அதிகம், லீன். கீழே வந்தால் பெட்ரோல் அதிகம், ரிச். கம்பெனி பைக்குகளில் பெரும்பாலும் இருப்பது நேரோபேண்ட் சென்சார். அது நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது மாதிரி. காய்ச்சல் உண்டு, இல்லை என்று சொல்லும், அவ்வளவுதான். டியூனிங்குக்குத் தெர்மாமீட்டர் வேண்டும். அதுதான் வைட்பேண்ட் சென்சார். எல்லோரும் வாங்குவது போஷ் எல்எஸ்யு 4.9. கன்ட்ரோலரோடு சேர்த்து வாங்கினால் மொத்தச் செலவில் இதுவே பெரிய பங்கு. இதில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

லாம்டாவை விட்டுவிட்டு, 14.7 என்ற காற்று-பெட்ரோல் விகிதத்தில் பேசும் பழைய புத்தகங்களைப் பார்த்தால் குழம்பாதீர்கள். 14.7 என்பது கலப்பில்லாத பெட்ரோலுக்கு. இப்போது நம் பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. அதற்குச் சரியான விகிதம் 13.5-க்குப் பக்கத்தில் வரும். ஆனால் சென்சார் அளப்பது லாம்டாவைத்தான். மீட்டர் அதை 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. எந்தப் பெட்ரோலாக இருந்தாலும் 14.7 என்று காட்டினால் லாம்டா 1 என்றே அர்த்தம். நேராக லாம்டாவிலேயே வேலை செய்தால் இந்தத் தலைவலி இல்லை.

திருத்தும் கணக்கு

கணக்கு மிகச் சின்னது.

புதிய எண் = பழைய எண் × பதிவான லாம்டா ÷ நாம் விரும்பும் லாம்டா

உதாரணமாக ஒரு கட்டத்தில் 62 இருக்கிறது. முழு வேகத்தில் அங்கே லாம்டா 0.88 வேண்டும். லாக் பைலில் 0.95 இருக்கிறது. 62 × 0.95 ÷ 0.88 போட்டால் 66.9. அந்தக் கட்டத்தில் 67 போட வேண்டும்.

மெதுவாக, ஒரே சீராகப் போகும் இடங்களில் லாம்டா 1 போதும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கும் இடங்களில் 0.86-லிருந்து 0.88 வரை, கொஞ்சம் ரிச்சாக வைப்பது வழக்கம். பவரும் அங்கேதான் கிடைக்கும், எஞ்சினும் குளிர்ந்திருக்கும். முழு லோடில் லீனாக விட்டால் சூடு ஏறி, நாக்கிங் வந்து, பிஸ்டனில் ஓட்டை விழும் வரை போகலாம். கார்பரேட்டர் காலத்திலும் இதே கதைதான், மெயின் ஜெட்டை மாற்றிச் சரி செய்தார்கள்.

இந்தக் கணக்கை 256 கட்டங்களுக்கும் நாமே போட வேண்டியதில்லை. லாக் பைலைக் கொடுத்தால் தானே திருத்தித் தரும் சாப்ட்வேர்கள் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே திருத்தும் ஆட்டோட்யூன் வசதியும் உண்டு. நாங்கள் அதைத்தான் ஆன் செய்தோம்.

எங்கள் லாக் பைல் சொன்ன பொய்

ஆரம்பத்தில் கையால் போட்ட டேபிளில் 2500 ஆர்பிஎம், 8 சதவீதத் திறப்புக் கட்டத்தில் 52 இருந்தது. வண்டி நன்றாகவே ஓடியது. ஆனால் லாக்கில் லாம்டா 1.21 என்று வந்தது. பயங்கர லீன்! ஆட்டோட்யூன் பெட்ரோலைக் கூட்டியது. 52 என்பது 57 ஆனது, அடுத்த ஓட்டத்தில் 61, அதற்கடுத்து 63. லாம்டா அழகாக 1.00-க்கு வந்து நின்றது. கிராப் கோடு போட்ட மாதிரி இருந்தது. எனக்கு ஆபீஸில் வேலையே சர்வர் லாக் படிப்பதுதான். லாக்கில் சரியாக இருந்தால் சரி என்று பழகிய மூளை. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நண்பனுக்கு அனுப்பினேன்.

அவன் பதில் அனுப்பினான்: “மச்சி, லாக் சூப்பர். ஆனா வண்டி பெட்ரோல் நாத்தம் அடிக்குது.”

மறுநாள் அளந்து பார்த்தோம். டேங்கைக் காலி செய்து, 1 லிட்டர் மட்டும் ஊற்றி, மனைப்பிரிவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓட்டினோம். 52 இருந்தபோது 33 கி.மீ. கொடுத்த வண்டி இப்போது 28 கி.மீ.தான் கொடுத்தது. லீனாக இருந்ததைச் சரி செய்தபோது மைலேஜ் கொஞ்சம் குறையலாம், சரிதான். ஆனால் லீனாக இருந்தபோது வண்டி திணறவில்லை, இப்போது ஐடிலிங்கில் மிஸ்ஸிங் அடிக்கிறது. இது எப்படி?

பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனோம். அவர் லேப்டாப்பைப் பார்க்கவே இல்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி கையில் கொடுத்தார். கரி பூசினது மாதிரி கறுப்பு. ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். பெட்ரோல் வாசம். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியிருக்கிறது. இன்னும் ஒரு வாரம் இப்படி ஓட்டியிருந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து, அந்தப் பழைய எஞ்சினைப் பிரிக்க வேண்டி வந்திருக்கும்.

“தம்பி, ஆக்ஸிலேட்டரை விட்டா சைலன்சர்ல சட் சட்னு வெடிக்குதே, கேட்டீங்களா?” என்றார்.

கேட்டிருந்தோம். ரேஸ் வண்டி மாதிரி சத்தம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்! அவர் எஞ்சின் ஹெட்டில் பெண்டு பைப் சேரும் இடத்தைக் காட்டினார். சென்சார் மாட்டுவதற்காக பைப்பைக் கழற்றியவர்கள் நாங்கள்தான். உள்ளே இருக்கும் செம்பு கேஸ்கெட் ஒரு முறை நசுங்கி உட்காரத்தான் செய்தது. 100 ரூபாய்கூட ஆகாத அதை மாற்றாமல், பழையதையே திரும்ப வைத்து போல்ட்டை முறுக்கிவிட்டோம். அங்கே முடி அளவுக்கு இடைவெளி.

புகை வெளியே போகும் பைப்புக்குள் காற்று எப்படி உள்ளே வரும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். புகை ஒரே சீராகப் போவதில்லை, தள்ளு தள்ளாகப் போகிறது. ஒரு தள்ளுக்குப் பின்னால் பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைகிறது. அந்த நேரத்தில் இடைவெளி வழியாகக் காற்று உள்ளே உறிஞ்சப்படும். 1500 ஆர்பிஎம்மில் ஒற்றை சிலிண்டர் 4 ஸ்ட்ரோக் எஞ்சின் 80 மில்லி செகண்டுக்கு ஒரு முறைதான் புகை தள்ளும், புகையின் அளவும் குறைவு. அங்கே நுழையும் கொஞ்சம் காற்றே சென்சாருக்குப் பெரிதாகத் தெரியும். 6000 ஆர்பிஎம்மில் முழுத் திறப்பில் 20 மில்லி செகண்டுக்கு ஒரு தள்ளு, ஏகப்பட்ட புகை, அதனால் ஒன்றும் தெரியாது. சென்சாரில் பழுது இல்லை. அதன் முன்னால் வந்த ஆக்ஸிஜனை அது சரியாகத்தான் அளந்தது. அந்த ஆக்ஸிஜன் எஞ்சினிலிருந்து வரவில்லை, அவ்வளவுதான்.

கேஸ்கெட்டை மாற்றினோம், ஆயிலை மாற்றினோம், பிளக்கை மாற்றினோம். டேபிளைத் தொடாமல் அதே ரோட்டில் ஓட்டினோம். லாக்கில் 0.86. நேற்று 1.00 காட்டிய அதே 63! கடைசியில் அந்தக் கட்டத்தில் நின்ற எண் 54. அதாவது கையால் போட்ட 52 சரியானதற்கு மிகப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறது. மைலேஜும் 33-க்குத் திரும்பியது.

டேபிளை 3டி கிராப்பில் பார்த்திருந்தால் முன்பே பிடித்திருக்கலாம். குறைந்த வேகம், குறைந்த திறப்பு உள்ள மூலை மட்டும் மேடு தட்டியிருந்தது. எஞ்சின் காற்றை இழுப்பது மெதுவாக மாறும், பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் திடீரென்று 20 சதவீதம் குதிக்காது. அப்படிக் குதித்தால் முதலில் பைப் ஜாயின்ட்டைச் சந்தேகப்படுங்கள். சோதிப்பது சுலபம். எஞ்சின் ஆறியிருக்கும்போது வீட்டு வாக்குவம் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தை சைலன்சர் வாயில் வைத்து, ஜாயின்ட்டில் சோப்பு நுரையைத் தடவுங்கள். குமிழ் வந்தால் லீக்.

இதேபோல ஏமாற்றும் இன்னொன்று மிஸ்ஸிங். கலவை மிக ரிச்சாகி பிளக் தீப்பொறி தவறினால், அந்தச் சுற்றின் காற்று அப்படியே எரியாமல் வெளியே வரும். சென்சார் ஆக்ஸிஜனை மட்டும் பார்க்கும், கூடவே எரியாமல் வரும் பெட்ரோலைச் சரியாக எடை போடாது. லீன் என்று சொல்லும். ஆட்டோட்யூன் இன்னும் பெட்ரோலைக் கூட்டும். மிஸ்ஸிங் இன்னும் அதிகமாகும். இதைக் கண்டுபிடிக்க, அந்தக் கட்டத்தில் கையால் 10 சதவீதம் குறைத்துப் பாருங்கள். எஞ்சின் தெளிந்து, லாம்டாவும் எதிர்பார்த்தபடி நடக்க ஆரம்பித்தால் மிஸ்ஸிங்தான். ஆனால் பைப் லீக்கை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. லீக் இருந்தாலும் பெட்ரோலைக் குறைத்தால் லாம்டா ஏறத்தான் செய்யும். அதற்கு சோப்பு நுரைதான்.

எக்ஸெல்லில் வடிகட்டுவது

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஆட்டோட்யூனை ஆப் செய்துவிட்டு எக்ஸெல்லில் உட்கார்ந்தேன். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் எந்த வரி ஏன் போனது என்று நமக்குத் தெரியும்.

லாக் பைலை எக்ஸெல்லில் திறந்து, மேலே உள்ள தலைப்பு வரிகளில் தேவையில்லாததை நீக்குங்கள். லாம்டாவை வைத்து ஈசியூ தானே பெட்ரோலைத் திருத்தும் க்ளோஸ்டு லூப் வசதி ஓட்டத்தின்போது ஆப் ஆகியிருந்ததா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆன் ஆகியிருந்தால் பதிவான லாம்டா ஏற்கனவே திருத்தப்பட்டது, நம் கணக்கில் அந்தத் திருத்தத்தையும் பெருக்க வேண்டிவரும்.

அடுத்து தாமதம். மோட்டார் போட்ட உடனே மாடித் தொட்டியில் தண்ணீர் விழாது அல்லவா? அதுபோல இப்போது பீய்ச்சிய பெட்ரோல் எரிந்து, புகையாகி, சென்சாரைத் தொட்டு, சென்சார் பதில் சொல்ல நேரமாகும். ஒரே வரியில் இருக்கும் ஆர்பிஎம்மும் லாம்டாவும் ஒரே சுற்றைச் சேர்ந்தவை அல்ல. எவ்வளவு தாமதம் என்று லாக்கிலேயே கண்டுபிடிக்கலாம். ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று விட்டால் ஈசியூ பெட்ரோலை நிறுத்திவிடும். இன்ஜெக்டர் நேரம் 0 ஆகும் வரியைத் தேடுங்கள். லாம்டா சட்டென்று மேலே பறக்கும் வரி வரை எண்ணுங்கள். எங்கள் வண்டியில் 4500 ஆர்பிஎம்மில் 3 வரி, அதாவது 150 மில்லி செகண்ட். குறைந்த வேகத்தில் இது கூடும். லாம்டா காலத்தை மட்டும் அத்தனை வரி மேலே நகர்த்தி ஒட்டுங்கள்.

பிறகு வடிகட்டல். எஞ்சின் சூடாகாத வரிகள் போகட்டும், அங்கே சோக் மாதிரி கூடுதல் பெட்ரோல் போய்க்கொண்டிருக்கும். ஆக்ஸிலரேட்டர் வேகமாக மாறும் வரிகள் போகட்டும், அங்கே பிக்கப்புக்காக ஈசியூ தனியாகப் பெட்ரோல் சேர்க்கும். முந்தைய வரிக்கும் இந்த வரிக்கும் ஆக்ஸிலரேட்டர் 1 சதவீதத்துக்கு மேல் மாறியிருந்தால் நீக்கினேன். அந்த வரியோடு அடுத்த அரை நொடியும் போக வேண்டும், தாமதம் இருக்கிறதே. பெட்ரோல் நின்ற வரிகள், கிளட்ச் பிடித்து கியர் மாற்றிய இடங்கள் எல்லாம் குப்பை. 36,000 வரிகளில் எனக்கு மிஞ்சியது 9,000 சொச்சம். வயிறு எரியும். எரியட்டும், அந்த 9,000-தான் உண்மையான டேட்டா.

மிஞ்சியதில் ஆர்பிஎம்மை எம்ரவுண்ட் பார்முலாவால் 500-இன் மடங்காக ரவுண்ட் செய்யுங்கள். ஆக்ஸிலரேட்டர் கட்டங்கள் சம இடைவெளியில் இருக்காது, அதற்கு வி-லுக்கப் போடுங்கள். 4 கட்டங்கள் சேர்ந்து முடிவு செய்கின்றன என்று சொன்னேன் அல்லவா? அதனால் கட்டத்தின் நடுவிலிருந்து 100 ஆர்பிஎம்முக்குள் உள்ள வரிகளை மட்டும் வைத்துக்கொண்டால் விடை சுத்தமாக இருக்கும். இப்போது இன்சர்ட் மெனுவில் பிவட் டேபிள் போடுங்கள். குறுக்கே ஆர்பிஎம், நெடுக்கே ஆக்ஸிலரேட்டர், மதிப்பில் லாம்டாவின் ஆவரேஜ். அதே லாம்டாவை இன்னொரு முறை இழுத்துப் போட்டு கவுன்ட் என்று மாற்றுங்கள். கவுன்ட் 20-க்குக் குறைவான கட்டத்தைத் தொடாதீர்கள்.

கவுன்ட்டைப் பார்த்தால் ஒன்று புரியும். 256 கட்டங்களில் நாம் உண்மையில் ஓட்டுவது 40, 50 கட்டங்களில்தான். மீதியைப் பக்கத்துக் கட்டங்களின் போக்கைப் பார்த்துச் சமமாக நிரப்ப வேண்டும். முழுத் திறப்புக் கட்டங்களை மனைப்பிரிவுக்குள் பதிவு செய்ய முடியவே முடியாது. இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. இருப்பதால் நேர் ஓட்டத்தில் அவை கிடைத்தன. அங்கே போகும் முன் அந்தக் கட்டங்களில் வேண்டுமென்றே 5 சதவீதம் கூடுதலாக வைத்துப் போனோம். ரிச்சிலிருந்து குறைத்துக்கொண்டு வருவது நல்லது. லீனிலிருந்து ஏற்றிக்கொண்டு போக நினைத்தால் பிஸ்டன் காத்திருக்காது.

கணக்கு சொல்லும் திருத்தத்தை முழுதாகவும் போடாதீர்கள். 10 சதவீதம் கூட்டச் சொன்னால் 7 கூட்டி, மறுபடி ஓட்டி, மறுபடி பாருங்கள். மூன்று ஓட்டத்தில் நிலைக்கு வந்துவிடும். வரவில்லை என்றால், அல்லது ஒரே கட்டம் ஒவ்வொரு ஓட்டத்திலும் இன்னும் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தால், டேபிளை விட்டுவிட்டு வண்டியைப் பாருங்கள்.

உங்கள் பைக்கில் முடிந்தது

கம்பெனி பிஎஸ்6 பைக்கின் டேபிளைத் திருத்தச் சொல்லவில்லை, வாரன்டியும் போய்விடும். ஆனால் படித்துப் பார்க்கலாம். பல பைக்குகளில் சீட்டுக்கு அடியில் 6 பின் டயக்னாஸ்டிக் கனெக்டர் இருக்கிறது. அதற்கான அடாப்டர் கேபிளும், ஈஎல்எம்327 வகை ப்ளூடூத் அடாப்டரும் ஆன்லைனில் கிடைக்கும். மொபைலில் ஓபிடி ஆப் ஒன்றை இன்ஸ்டால் செய்தால் ஆர்பிஎம், எஞ்சின் சூடு, ஆக்ஸிலரேட்டர் திறப்பு எல்லாம் ஓடும்போதே தெரியும். எல்லா மாடலும் எல்லாத் தகவலையும் தராது.

ப்யூயல் ட்ரிம் என்ற மதிப்பை உங்கள் பைக் தந்தால் அதைப் பதிவு செய்து வையுங்கள். ஈசியூ தன் டேபிளுக்கு மேல் எவ்வளவு கூட்டிக் குறைத்து ஓட்டுகிறது என்பதுதான் அது. 0-க்குப் பக்கத்தில் இருந்தது திடீரென்று கூட ஆரம்பித்தால் ஏர் பில்டருக்குப் பின்னால் காற்று லீக், அடைத்த இன்ஜெக்டர், சோர்ந்த பெட்ரோல் பம்ப், பெண்டு பைப் கேஸ்கெட் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லலாம். சர்வீஸுக்கு விடும் முன் ஒரு முறை, எடுத்த பின் ஒரு முறை, அதே ரோட்டில் பதிவு செய்யுங்கள். பைலை சிஎஸ்வியாகச் சேமித்து, பெயரில் தேதியும் கிலோமீட்டர் ரீடிங்கும் போட்டு வையுங்கள். அந்த முறை பங்கில் எத்தனை லிட்டர் போட்டீர்கள் என்பதையும் பைல் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள்.